வாத்துக்காரர் கேட்ட வயல்

2023 பிப்ரவரி, இரண்டாவது வாரம். மூன்று ஏக்கர் சம்பாவை அறுத்து முடித்து, ஈர நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டு, வெயில் ஏறாதா என்று வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வாத்து மேய்க்கும் பெரியவர் ஒருவர் வரப்போடு வந்தார். எங்கள் பக்கம் அறுவடை முடிந்த கையோடு வாத்துக் கூட்டம் வந்து இறங்கிவிடும். அன்றைக்கு நான்கு பேருடைய வயல்கள் அடுத்தடுத்து அறுத்துக் கிடந்தன. அவர் எங்கும் நிற்காமல் நேராக என்னிடம் வந்து, “தம்பி, உங்கள் வயலில் இரண்டு நாள் விட்டுக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார்.

“பக்கத்து வயல்களும் காலியாகத்தானே கிடக்கின்றன?”

அவர் குனிந்து ஒரு கை வைக்கோலை விலக்கிக் காட்டினார். “அங்கே தீனி குறைவு. இங்கேதான் நெல் கொட்டிக் கிடக்கிறது.”

வேறு யாருடைய அறுவடை வண்டியாவது அறுத்திருந்தால் தரகரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அறுத்தது என் சொந்த வண்டி. மனைவியின் தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கிய, டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டி. வாங்கிய புதிதில், என் வயலுக்குத்தான் முதல் அறுப்பு என்று கற்பூரம் காட்டி இறக்கியிருந்தோம்.

அந்த வண்டி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019இல் மைத்துனன்தான் யோசனையைக் கிளப்பினான். “அத்தான், வருடா வருடம் அடுத்தவன் வண்டிக்காகக் காத்துக் கிடப்பதைவிட நாமே ஒன்று வாங்கிவிட்டால் என்ன?” தை பிறந்துவிட்டால் சேலம், கள்ளக்குறிச்சி, பெரம்பலூர் பக்கத்திலிருந்து லாரிகளில் ஏறி வண்டிகள் டெல்டாவுக்கு வரும். தரகர் கைகாட்டும் வயலில்தான் இறங்கும். பயிர் முற்றிச் சாய்கிற வேளையில் தரகருக்கு நாம் செய்யும் மரியாதையை மாமியார் வீட்டில்கூடச் செய்திருக்க மாட்டோம்.

வாங்குவது என்று முடிவானதும் டயரா, பெல்ட்டா என்ற பஞ்சாயத்து தொடங்கியது. டயர் வண்டி என்றால் கர்தார் 4000, பிரீத் 987 போன்ற பஞ்சாப் வண்டிகள். 14 அடிக் கத்தி. காய்ந்த நிலத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஒரு பெரிய வயல் தாக்கை நாம் டீ குடித்து வருவதற்குள் மொட்டையடித்துவிடும். பெல்ட் வண்டி என்றால் குபோட்டா டிசி-68, கிளாஸ் கிராப் டைகர் வகையறா. கத்தி ஏழடியைத் தொடாது. அறுக்கும் வேகத்தில் டயர் வண்டிக்குப் பாதிகூட வராது. வாடகை மட்டும் அதிகம். கணக்குப் போட்டால் டயர்தான் லாபம் என்று தோன்றும். பஞ்சாபின் கோதுமை வயலில் அந்தக் கணக்கு சரி. மன்னார்குடிக்குக் கிழக்கே உளை நிலத்தில், தை மாத மழைக்குப் பிறகு, பல டன் எடையுள்ள ஒரு வண்டியை நான்கு டயர்களின் மேல் நிறுத்திப் பாருங்கள். அதை வெளியே இழுக்க இரண்டு டிராக்டர் வாடகை தனி. போன தடத்தில் முழங்கால் அளவுப் பள்ளம். அடுத்த நடவு வரை அந்தப் பள்ளம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பெல்ட் வண்டி தன் பாரத்தை நீளமான ரப்பர் பட்டையில் பரப்பி வைத்துக்கொள்வதால், ஆள் கால் புதைகிற இடத்திலும் அது மிதந்து போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சம்பா அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, நிலம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நின்ற பயிருக்குள் உளுந்தையோ பச்சைப் பயறையோ தெளித்துவிடுவது எங்கள் வழக்கம். ஆள் வைத்து அறுத்த காலத்தில் முளைத்த உளுந்துக்குச் சேதம் இல்லை. வண்டி வந்தபிறகு, ஒவ்வொரு தடமும் முளையின் மேல்தான். டயர் ஆழமாக ஏறும், ஆனால் கத்தி அகலம் என்பதால் வயலுக்குள் அது ஓடும் தடங்கள் குறைவு. பெல்ட் மெதுவாக அழுத்தும், ஆனால் குறுகிய கத்தி என்பதால் வயல் முழுக்கத் திரும்பித் திரும்பி ஓடும். இதில் எது மேல் என்று நானும் மைத்துனனும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. காய்ந்த நிலமாக இருந்தால் டயர் வண்டியில் உளுந்து அதிகம் பிழைக்கும் என்பது என் கட்சி.

வைக்கோலையும் பார்க்க வேண்டும். பெரிய டயர் வண்டிகளில் நெல்லைப் பிரித்தபின் வைக்கோலை உதறித் தள்ளும் ஆட்டத் தட்டுகள் இருக்கும். வைக்கோல் ஓரளவு நீளமாகவே வந்து விழும். பெல்ட் வண்டிகளில் வைக்கோல், கதிரை அடிக்கும் நீண்ட உருளையோடு பல சுற்றுச் சுற்றித்தான் வெளியேறுகிறது. நெல்லை நன்றாக உதிர்த்துவிடும், வைக்கோல் நொறுங்கும். என் வீட்டு மாடு அதை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும்.

கடைசியில் பழைய பெல்ட் வண்டி ஒன்றை 11.5 லட்சத்துக்கு வாங்கினோம். கம்பெனிப் பெயர் வேண்டாம். கீழே சொல்லப்போவதில் கம்பெனியின் தப்பு எதுவும் இல்லை. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சங்கதி. எத்தனை மணி ஓடியது என்று காட்டும் மீட்டரை முழுக்க நம்பாதீர்கள். நெல்லைத் தூக்கிச் செல்லும் ஆகர் திருகின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நெல்லின் உமி அரம்போல இரும்பைத் தேய்க்கும். விளிம்பு கத்திபோல மெலிந்திருந்தால் அந்த வண்டி மீட்டர் சொல்வதைவிட அதிகம் பார்த்திருக்கிறது. அடிக்கும் உருளையின் பற்கள் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, பெல்ட்டுக்கு அடியில் ஓடும் ரோலர்களைக் கடப்பாரையால் நெம்பினால் ஆடுகிறதா என்று பாருங்கள். ரோலர் சீல் போனால் சேறு உள்ளே போகும், சேறு போனால் பேரிங் போகும், பேரிங் போனால் நடு வயலில் பெல்ட் கழன்றுகொள்ளும். அப்புறம் வண்டியை அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடேற்றியபின் ஏற்றத்தில் ஏற்றச் சொல்லுங்கள். குளிர்ந்திருக்கும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

மூன்று பருவம் பெரிய தொல்லை இல்லாமல் ஓடியது. சுணை அடைத்து ரேடியேட்டர் கொதிப்பது, ஈர வைக்கோல் சுற்றிக்கொண்டு உருளை நின்றுவிடுவது எல்லாம் எல்லோருக்கும் வருவதுதான். கொதித்தால் நிறுத்திவிட்டு வலையைத் துடைத்தால் போதும். உருளையில் சுற்றிக்கொண்டால் மட்டும் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சாவியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் யாரையும் கை உள்ளே விட அனுமதிப்பேன். ‘ஒரு நிமிடம்தானே’ என்று விட்டுப் போன விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையை டெல்டாக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறுக்க வேண்டிய பயிர் படுத்துவிட்டது. தெளித்திருந்த உளுந்து தண்ணீரில் அழுகியது. கொள்முதல் நெல்லுக்கான ஈரப்பத வரம்பைத் தளர்த்துவதற்காக மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போனது. டயர் வண்டிகள் சாலை ஓரத்தில் வரிசையாக நிற்க, பெல்ட் வண்டிகளுக்கு அடிதடி. இந்த அவசரத்தில்தான் என் வயலை அறுத்தோம். மூன்று நாள் கழித்து வாத்துக்காரர் வந்தார்.

அன்று மாலை ஓட்டுநரைப் பிடித்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தம்பி, நல்ல கைக்காரன். “அண்ணே, நெல் பதமாக இல்லை, வைக்கோலில் ஒட்டிக்கொண்டே போகிறது” என்றான். உண்மைதான், ஆனால் பக்கத்து வயல்களும் அதே மழையில்தான் நனைந்தன. எனக்குத் தெரிந்த மெக்கானிக் போனிலேயே, சல்லடையைத் திறந்து விடச் சொன்னார். மைத்துனன், உருளைக்கு அடியில் வளைந்திருக்கும் கம்பிச் சட்டத்தை, அதாவது கான்கேவை, நெருக்கச் சொன்னான். காற்றாடி நெல்லை வெளியே ஊதித் தள்ளுகிறது, காற்றைக் குறைக்க வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பு. மூன்றையும் செய்தோம். மறுநாள் அறுத்தால் டேங்கில் பதரும் தாள் துண்டும் மண்டிக் கிடக்கின்றன, நெல் நசுங்கி அரிசி எட்டிப் பார்க்கிறது, வயலில் சிந்துவது கொஞ்சமும் குறையவில்லை. ஒரே நேரத்தில் மூன்றைத் திருகினால் எது எதைக் கெடுத்தது என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் பழைய நிலைக்கே திருப்பி வைத்துவிட்டு, எண்ணிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். பழைய குடைக் கம்பியை வளைத்து ஒரு சதுர அடிச் சட்டம் செய்தேன். எங்கள் பொன்மணி நெல்லில் ஆயிரம் மணிகளை எண்ணி, தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தால் 23 கிராம். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ஆக, வயல் முழுக்கச் சதுர அடிக்கு ஒரு மணி கிடந்தால் ஏக்கருக்கு ஒரு கிலோ போச்சு. இந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாற்பது மணி கிடந்தால் கொள்முதல் நிலையத்தில் தைக்கிற 40 கிலோ சிப்பம் ஒன்று வயலிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். சன்ன ரகமாக இருந்தால் மணி இலேசு, முக்கால் கிலோவுக்கும் குறைவாகப் போடலாம். அந்தப் பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் 2,115 ரூபாய். ஒரு சிப்பம் 846 ரூபாய்.

எண்ணும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வண்டி முழு வேகத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்தி, பதினைந்து அடி பின்னால் எடுக்க வேண்டும். இப்போது மூன்று இடங்கள் கிடைக்கும். இன்னும் அறுக்காத பயிருக்கு அடியில் கிடப்பது தானாக உதிர்ந்தது, அதற்கு வண்டி பொறுப்பில்லை. கத்தி கடந்து, ஆனால் பின்பக்கத்து வைக்கோல் இன்னும் விழாத இடத்தில் கூடுதலாகக் கிடப்பது கத்தியும், பயிரைக் கத்திப் பக்கம் சாய்த்துக் கொடுக்கும் ரீலும் உதிர்த்தது. வைக்கோலுக்கு அடியில் இவற்றுக்கு மேல் கிடப்பதுதான் உருளையும் சல்லடையும் விட்டது. இதிலும் ஒரு திருத்தம் வேண்டும். ஏறக்குறைய ஏழடி அகலத்தில் அறுத்த நெல்லின் சேதம், பின்னால் மூன்றரை அடி அகலத்துக்குள் கொட்டுகிறது. எனவே அங்கே எண்ணியதைப் பாதியாக்க வேண்டும். இதை மறந்துவிட்டு முதல் நாள் நான் போட்ட கணக்கில் தலை சுற்றியது.

மிச்சமிருந்த என் இரண்டு ஏக்கரில் எண்ணினோம். தானாக உதிர்ந்தது பத்து. கத்தி உதிர்த்தது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. வைக்கோலுக்கு அடியில் 170. பத்தைக் கழித்து, பாதியாக்கினால் 80. ஏக்கருக்கு இரண்டு சிப்பம்!

அடுத்து, சல்லடையைத் தாண்டிய தூளும் உதிராத கதிரும் மறுபடி அடிபடத் திரும்பி வரும் குழாயின் மூடியைத் திறந்து பார்த்தோம். அதில் சுத்தமான நெல்லாக வந்தால் சல்லடை இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். உதிராத கதிராக வந்தால் உருளை சரியாக அடிக்கவில்லை. எங்களுக்கு வந்தது இரண்டும் இல்லை. நெல்லும் பதரும் ஈரத் தூளுமாகப் பிசைந்த ஒரு கலவை. உள்ளே சல்லடையின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூள் பாய்போலப் படிந்திருந்தது.

அதைப் பார்த்தபோதுதான் அப்பா நெல் தூற்றியது நினைவுக்கு வந்தது. காற்று விழுந்துவிட்டால் முறத்தை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பார். காற்றில்லாமல் தூற்றினால் பதரும் நெல்லும் ஒரே குவியலாகத்தான் விழும். இந்த இயந்திரத்திலும் நடப்பது அதே அறுப்பு, அதே அடிப்பு, அதே தூற்றல். காற்று அதிகமானால் நெல் பறக்கும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. காற்று குறைந்தாலும் நெல் போய்விடும் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. தூள் மேலெழும்பாமல் பாயாகப் படிந்தால், நெல் அதன்மேல் சவாரி செய்துகொண்டே பின்வாசல் வழியாக வெளியேறிவிடும். நானோ இருந்த காற்றையும் குறைக்கச் சொன்ன மகானுபாவன்.

காற்று ஏன் குறைந்தது? காற்றாடி, சல்லடை, உருளை எல்லாமே ஒரே என்ஜினிலிருந்து பெல்ட்டில் ஓடுகின்றன. என்ஜின் சுற்று குறைந்தால் அத்தனையும் குறையும். அறுவடை வண்டியில் என்ஜினைக் கம்பெனி குறித்த முழுச் சுற்றில் வைத்துவிட்டு, வண்டி நகரும் வேகத்தைத் தனி நெம்புகோலில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். எங்கள் தம்பி ஆக்ஸிலேட்டரை முக்கால் அளவில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

“ஏன் தம்பி இப்படி?”

அவன் சற்றுத் தயங்கினான். “நீங்கள்தான் அண்ணே, டீசல் நோட்டைப் பார்த்துவிட்டு மணிக்கு எட்டு லிட்டரைத் தாண்டக் கூடாது என்றீர்கள்.”

நான்தான் சொன்னேன். ஜனவரியில் கணக்கு எழுதும்போது மணிக்கு ஒன்பதரை லிட்டர் ஆவதைப் பார்த்துக் கடிந்துகொண்டது ஞாபகம் வந்தது. ஒன்றரை லிட்டர் என்றால் ஏறக்குறைய 140 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப்போய் ஏக்கருக்கு 1,692 ரூபாய் நெல்லை வாத்துக்குப் போட்டிருக்கிறேன். என் வயலில் போட்டதுகூடப் பரவாயில்லை. அந்த ஒரு மாதத்தில் என் வண்டி ஊருக்குள் எத்தனை ஏக்கர் அறுத்தது என்பது அதே நோட்டில் இருந்தது. மிச்சமான டீசல் எனக்கு, சிந்திய நெல் அவர்களுக்கு.

இரண்டு பக்கமும் நின்றவன் என்பதால் சொல்கிறேன். எந்த வண்டி நல்ல வண்டி என்று டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறோம், வாடகையை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை இருப்பதால் விவசாயி வரப்பில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து “வேகமாக, வேகமாக” என்று கையை ஆட்டுகிறார். நானும் ஆட்டியிருக்கிறேன். வேகம் கூடினால் உருளைக்குள் பயிர் திணிபடும், சல்லடை மூச்சுத் திணறும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினால் ஓட்டுநரே பறப்பார். டீசல் உரிமையாளர் தலையில் என்பதால் அவர் சுற்றைக் குறைக்கச் சொல்வார். சாய்ந்த பயிரில் இது இன்னும் மோசம். பயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அதற்கு எதிர்முகமாகப் போய், ரீலை முன்னால் தள்ளித் தாழ்த்தி, கதிரைத் தூக்கிவிட்டு அறுக்க வேண்டும். அறுத்ததும் சும்மா திரும்பி வந்து மறுபடி அதே முனையில் தொடங்க வேண்டும். அந்த வெறும் ஓட்டத்துக்கும் வாடகை கொடுக்க யாருக்கு மனம் வரும்? சுற்றி வந்து அறுக்கச் சொல்வோம். பாதிக் கதிர் கத்திக்கு அடியில் படுத்துக்கொள்ளும்.

சுற்றை முழுதாக ஏற்றி, வேறு எதையும் தொடாமல், அதே வயலில் மறுபடி எண்ணினோம். 170 இருந்த இடத்தில் 90. அப்புறம் காற்றாடி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தால் தொய்ந்து பளபளவென்று வழுக்கிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, காற்றை ஒரு படி கூட்டினோம். கூட்டும்போது என் கை நடுங்கியதை மைத்துனன் இன்றும் நடித்துக் காட்டுவான். 50 ஆனது. பத்தைக் கழித்துப் பாதியாக்கினால் 20, அதாவது அரைச் சிப்பம். பத்து மணிக்கு முன் பனி காயாமல் வண்டியை இறக்குவதில்லை என்று ஒரு சட்டம் போட்ட பிறகு இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதற்குமேல் அந்த ஈர வைக்கோலில் இறக்க முடியவில்லை.

டீசல் நோட்டை ஓட்டுநரிடமே கொடுத்துவிட்டேன். அவனுடைய பேட்டாவையும் நேரக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்கு மாற்றினோம். மைத்துனன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வாடகைக்கு அறுக்கப் போகும் வயல்களில், முதல் சுற்றிலேயே வண்டியை நிறுத்தி, குடைக் கம்பிச் சட்டத்தைப் போட்டு வயல்காரரையே எண்ணச் சொன்னோம். பெரும்பாலானவர்கள், “அதெல்லாம் எதற்கு, நேரம் ஆகிறது” என்றார்கள். மீட்டர் ஓடுகிறதே என்ற கவலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு வாடகை இல்லை என்று சொன்ன பிறகு சிலர் குனிந்தார்கள்.

அதே ஆண்டு குறுவையைப் பம்புசெட் தண்ணீரில் கரையேற்றி அறுத்து முடித்த மறுநாள், வாத்துக்காரப் பெரியவர் மறுபடி வந்தார். இந்த முறை வரப்பிலேயே நின்று வைக்கோலைக் காலால் விலக்கிப் பார்த்தார். குனிந்து ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து வயல்காரரிடம் பேசப் போய்விட்டார். சாயங்காலம் அங்கே இடம் போதாமல் ஒரு பகுதி வாத்துகளை மட்டும் என் பக்கம் ஓட்டினார். பிப்ரவரியில் மேய்ச்சலுக்காக ஒரு அட்டை நிறைய முட்டை கொடுத்தவர், இப்போது துண்டில் முடிந்துவந்து ஆறு முட்டை கொடுத்தார். “இவ்வளவுதான் தம்பி வரும்” என்றார்.